ஏழு கதவுகள்

இப்போது எங்கள் கட்டடத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. நீங்களே போய்ப் பார்க்கலாம். வராந்தாவில் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். கீழ் வீட்டு டீச்சர் கொலையான பிறகு வந்த பழக்கம்.

அவள் படத்துக்கு மேல் விளக்கு மாட்டியது நான்தான். அங்கே எலக்ட்ரீஷியன் நான் ஒருவன்தானே. தையல்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவர் பையன் என்னை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:

"மாமா, பேனர்ல கண்ணீருக்கு ரெண்டு சுழி போட்டுருக்கான் பாருங்க. டீச்சர் பார்த்தா பத்து தடவை எழுதச் சொல்லியிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள், உடனே அழுதார்கள். வங்கிக்காரர் மனைவி எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"தனியா இருக்கோம்னு நினைக்காதீங்கண்ணே. நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

மூன்று வருடத்துக்கு முன்னால், நான் வேலைக்குப் போயிருந்தபோது, என் மனைவி படிக்கட்டில் விழுந்து, மண்டை உடைந்து, ஒரு மணி நேரம் கத்தினாள். அன்றைக்கு எதற்கு இருந்தார்கள்? வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒரே பதில்தான்: "டிவி சத்தம்னு நினைச்சோம்." பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர்தான் அவளைப் பார்த்துத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அந்தப் பதிலை மூன்று வருடம் மென்றுகொண்டிருந்தேன். ஒரு சாவு இவர்களை உலுக்கவில்லை என்றால் இன்னொன்று வேண்டும், கொஞ்சம் பெரிதாக. யார் என்று நான் முடிவு செய்யவில்லை. அதில் நியாயமாக நடந்துகொண்டேன்.

ஞாயிறு மதியம் இடது கையை நானே கீறிக்கொண்டு, மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். "அடிபட்டிருச்சு, கொஞ்சம் திறங்க." கதவிலிருந்த கண்ணாடித் துளை ஒவ்வொன்றாக இருண்டது. பார்த்தார்கள். ஆறு கதவுகளும் திறக்கவில்லை.

விசாரணையில் உங்களிடம் என்ன சொன்னார்கள்? யாரும் வரவில்லை, டிவி ஓடிக்கொண்டிருந்தது என்றுதானே? என்னைப் பார்த்தோம் என்று சொன்னால், திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டுமே. என் கைக்கட்டைப் பற்றி அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாப்பாடு மட்டும் மூன்று வேளையும் வருகிறது.

ஏழாவது கதவைத் தட்டி முடிப்பதற்குள் டீச்சர் திறந்துவிட்டாள்.

"ஐயோ அண்ணே, என்ன இது? உள்ள வந்து உக்காருங்க மொதல்ல."

உட்கார்ந்தேன். அவள் கட்டுப்போட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு குத்தினேன். கத்தினாள். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆறு பேரில் ஒருவராவது கதவைத் திறந்திருந்தால் டீச்சர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.