அதே கதவைத் தட்டிய டாக்டர்

தலைமை ஏற்றிருக்கும் நகர மேயர் அவர்களே, மருத்துவமனைச் செவிலியர்களே, இறந்தவர் நினைவாகப் பகிரும் கோதுமைக் கிண்ணத்தோடு அமர்ந்திருக்கும் கமெனெத்ஸ் மக்களே, வணக்கம்.

புள்ளிவிவரக்காரன் யோர்தான் நான். துக்கக் கூட்டத்தில் இவன் ஏன் இப்படிப் பரபரக்கிறான் என்று நினைக்காதீர்கள். டாக்டர் ராத்கா பெய்ச்சேவாவைப் பற்றி அடக்கமாகப் பேச எனக்கு வராது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் குலுக்கலில் எடுத்த அறுநூறு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தோம். நூற்றுக்கு முப்பத்தொரு பேருக்கு அதிகம். ஆறு ஆண்டு கழித்து, வேறு அறுநூறு பேரை அதே குலுக்கல் முறையில் எடுத்துப் பார்த்தோம். நூற்றுக்கு இருபத்திரண்டு! மாவட்ட அதிகாரி ஒரு தட்டு சூடான பனீத்சா பலகாரத்தோடு வந்துவிட்டார்.

"நோய் கொறஞ்சு போச்சே டாக்டரம்மா. இனி இந்த ஊருக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? மூடிடலாம்."

"கொறஞ்சது நோயா, நோயாளியா? அத மொதல்ல பாத்துட்டு வரேன். பனீத்சா ஆறட்டும்."

என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா யோர்தான், பழைய பட்டியல எடு. அதே ஆளுங்கள அதே வீட்ல போய்ப் பாக்கணும்."

"புது ஆளுங்கன்னா பத்து நாள்ல முடியும் டாக்டர். பழைய ஆளுங்களத் தேடி அலைஞ்சா பனி விழுந்துடும்."

"விழட்டும். உன் கால்ல பூட்ஸ் இருக்குல்ல?"

போனோம். கதவுக்குக் கதவு என்ன கண்டோம்? படம் போட்ட மரண அறிவிப்புத் தாள்கள். நாற்பதாம் நாள் தாள், ஆறாம் மாதத் தாள், ஆண்டுத் தாள். 'தாள் ஒட்டிய வீட்டைத் தொந்தரவு செய்யாதே, அடுத்த கதவைத் தட்டு' என்று இரண்டாவது கணக்கெடுப்புக்கு விதி எழுதியவன் யார்? நான்தான். மரியாதை என்று நினைத்துச் செய்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது. முதல் பட்டியலில் அழுத்தம் இருந்தவர்கள் நூற்று எண்பத்தாறு பேர். அவர்களில் எழுபத்து நான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள். குணமானவர்கள் பதினொரு பேர்தான்.

அந்த எண்களை அதிகாரியின் மேசையில் டாக்டர் வைத்தார். மருத்துவமனை பிழைத்தது. நேற்றுக் காலையும் அங்கே வரிசை வாசல்வரை நின்றது. அவரைப் புகழ எனக்கு வேறென்ன வேண்டும்?

வரும் திங்கட்கிழமை அடுத்த சுற்றைத் தொடங்குகிறோம். அவர் இல்லை என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டோம். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். முதல் குலுக்கலிலேயே டாக்டரின் வீடும் விழுந்திருந்தது. பட்டியலில் அவரும் ஒருவர். ஸ்தாமென் ஐயா, உங்கள் வீட்டுக்கு நானே வருவேன். உங்கள் மனைவி ராத்கா இறந்த தேதியை உங்களிடமே கேட்டு எழுதுவேன். கதவைத் திறங்கள். எங்கள் முறையில், போனவருக்குப் பதிலாக இன்னொருவர் பெயரை எழுதுவதில்லை.