காசியில் விட்ட காப்பி

ஆனந்தம்: என்னங்க இது, டவராவைத் துண்டுக்குள்ள மறைச்சுக்கிட்டு…

நாகேஸ்வரன்: மெதுவாப் பேசு. கூடத்துல சம்பந்தியம்மா படுத்திருக்காங்க.

ஆனந்தம்: வாசனையே அவங்களை எழுப்பிடும். காப்பியா?

நாகேஸ்வரன்: உனக்குத்தான். குடி, ஆறிடும்.

ஆனந்தம்: எனக்கா? காசியில காப்பியை விட்டுட்டு வந்த புண்ணியவதிக்கா?

நாகேஸ்வரன்: கிண்டலை அப்புறம் வெச்சுக்க.

ஆனந்தம்: நானா கிண்டல் பண்றேன்? உங்க சித்தி கும்பகோணத்துலேருந்து வந்து, எல்லாரும் காசிக்குப் போனா பிடிக்காத பாகற்காயை விட்டுட்டு வருவாங்க, நீதாண்டி உசிரா இருந்ததை விட்டேன்னு என் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. காசி எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது.

நாகேஸ்வரன்: அன்னிக்கு வேற வழி இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு ஊருக்கு வந்த வாரமே பொண்ணு பார்க்க வந்துட்டாங்க. நீங்களும் ஒரு வாய் குடிங்கன்னு சம்பந்தியம்மா சொல்றாங்க, நீ வேண்டாங்கற, ஏன்னு கேக்கறாங்க…

ஆனந்தம்: வயித்துவலின்னு சொல்லியிருக்கலாம்.

நாகேஸ்வரன்: வயித்துவலின்னா எந்த டாக்டர், என்ன டெஸ்டுன்னு நோண்டுவாங்க. அம்மாவுக்குப் புத்துநோய்னு தெரிஞ்சா நம்ம மதுவந்தியைக் கட்டுவாங்களா? மாப்பிள்ளை விஸ்வா அமெரிக்காவுல கம்ப்யூட்டர் கம்பெனி. அவனுக்குப் பொண்ணு குடுக்க இங்கேருந்து மாயவரம் வரைக்கும் வரிசையில நிக்கறாங்க.

ஆனந்தம்: டாக்டர் காப்பியை ஒரு மாசத்துக்குத்தான் நிறுத்தினார். ஆயுசுக்கும் நிறுத்தினது நீங்க.

நாகேஸ்வரன்: சட்டுன்னு வாயில வந்தது காசிதான்.

ஆனந்தம்: வந்ததோட விட்டீங்களா? கோயில் மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு, 'கங்கைக் கரையில் நான்'னு ஒரு மணி நேரம்…

நாகேஸ்வரன்: முக்கா மணிதான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்னு வந்து கேட்டாங்க, மறுக்க முடியல.

ஆனந்தம்: காசிச் சொம்பு வேற வீட்டுக்கு வீடு. உள்ளே மெட்ராஸ் ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணி. இன்னிக்குக் காலையில சம்பந்தியம்மா அதைத் தலையில தெளிச்சுக்கிட்டாங்க.

நாகேஸ்வரன்: நம்பிக்கைதான முக்கியம்.

ஆனந்தம்: குளோரின் வாசனை வருதேன்னு கேக்கல. பெரிய மனசு.

நாகேஸ்வரன்: ஆறுது, ஆனந்தம்.

ஆனந்தம்: ஆறட்டும். மாரை எடுத்ததோட விட்டுடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன். ஐம்பது தாண்டினவளுக்கு எதுக்குப் புதுசா ஒண்ணுன்னு கேட்டேன். நீங்கதான் வயித்துச் சதையை வெட்டி மார்ல வெச்சுத் தைக்கச் சொன்னீங்க.

நாகேஸ்வரன்: மணமேடையில பட்டுக் கட்டிக்கிட்டு நிக்கணும். வீடியோ எடுப்பாங்க. ஒரு பக்கம்…

ஆனந்தம்: ஒரு பக்கம் பள்ளமா இருந்தா ஹெட்மாஸ்டர் மானம் அதுல விழுந்துடும்.

நாகேஸ்வரன்: உன் நல்லதுக்குத்தான். வெச்ச சதை பிடிச்சுக்கணும், காப்பி குடிச்சா ரத்தக்குழாய் சுருங்கிடும்னு டாக்டர் சொன்னப்ப, வீட்டுல காப்பிப்பொடி டப்பாவையே பூட்டி வெச்சேனா இல்லையா?

ஆனந்தம்: பூட்டினீங்க. நீங்க மட்டும் தெருமுனைக் கடையில போய்க் குடிச்சுட்டு, மீசையில நுரையோட வந்து எனக்கு மனக்கட்டுப்பாடு பத்திச் சொன்னீங்க. சதை நல்லாவே பிடிச்சுக்கிச்சு. தொட்டாத்தான் ஒண்ணும் தெரியல. அடுத்த வீட்டுச் சுவத்தைத் தொடற மாதிரி இருக்கு.

நாகேஸ்வரன்: அதெல்லாம் இப்ப எதுக்கு…

ஆனந்தம்: இப்பத்தான் கேக்கணும். ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஒரு வாய் வாயில வெச்சேன். டம்ளரைப் பிடுங்கிக் கொல்லையில ஊத்தினீங்க. யாராவது பார்த்தா என்ன ஆகும்னு குதிச்சீங்க. இன்னிக்குச் சம்பந்தியம்மாவே கூடத்துல இருக்காங்க, நீங்களே கொண்டுவந்து நீட்டறீங்க.

நாகேஸ்வரன்: டாக்டர் போன் பண்ணினார். குடிக்கலாம்னார்.

ஆனந்தம்: அவர் எப்பவோ சொல்லியாச்சே.

நாகேஸ்வரன்: மறுபடியும் சொன்னார்.

ஆனந்தம்: அதைச் சொல்லத்தான் மெட்ராஸ்லேருந்து போன் பண்ணினாரா? சரி… தை மாசம்னு பேசின கல்யாணத்தை எதுக்கு முன்னால ஐப்பசிக்கே இழுத்தீங்க?

நாகேஸ்வரன்: விஸ்வாவுக்கு அப்பத்தான் லீவு.

ஆனந்தம்: அவனுக்குத் தையிலதான் லீவாம். சம்பந்தியம்மா சொன்னாங்க. நீங்க கெஞ்சிக் கேட்டதுனால மாத்தினானாம். ஐப்பசி அடைமழையில, பந்தல் நனைய, வயல்ல நடவு ஆளெல்லாம் நிக்க, நம்ம பக்கத்துல எவன் கல்யாணம் வைப்பான்?

நாகேஸ்வரன்: நல்ல முகூர்த்தம்…

ஆனந்தம்: போன வாரம் ஸ்கேன் எடுத்துட்டு வந்ததுலேருந்து நீங்க என்னை ஒரு தடவைகூட அதட்டல. நேத்து ரசத்துல உப்பே போடல நான். நல்லா இருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க.

நாகேஸ்வரன்: காப்பி சுத்தமா ஆறிடுச்சு, குடி.

ஆனந்தம்: டாக்டர் காப்பி குடிக்கலாம்னு சொன்னாரா, இல்ல, உங்க சம்சாரம் எது கேட்டாலும் குடுங்கன்னு சொன்னாரா?

நாகேஸ்வரன்: ரெண்டும் ஒண்ணுதான, ஆனந்தம்.

ஆனந்தம்: கொடுங்க இப்படி… யார் போட்டது இதை?

நாகேஸ்வரன்: நானே போட்டேன்.

ஆனந்தம்: தெரியுது. டிகிரி காப்பின்னா என்னன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர். பொடியைக் கொதிக்க விட்டு வடிகட்டியிருக்கீங்க.

நாகேஸ்வரன்: கசக்குதா? சர்க்கரை வேணும்னா…

ஆனந்தம்: சர்க்கரையில போற கசப்பு இல்ல இது. கண்ணைத் துடைங்க, அவங்க எழுந்துக்கிட்டா என்னன்னு கேப்பாங்க, நீங்க மறுபடியும் காசிக்குப் போவீங்க. ஸ்கேன் எடுத்த அன்னிக்கு நீங்க மருந்து வாங்கக் கீழ இறங்கினப்பவே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார், ஈரல் வரைக்கும் பரவிடுச்சுன்னு. மதுவந்தி கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் உங்ககிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன்… வாங்க அடுப்படிக்கு. டிகாக்‌ஷன் எப்படி இறக்கறதுன்னு காட்டறேன், கத்துக்கங்க. இனிமே நீங்கதான போட்டுக்கணும்.