நுன்சியோ மாமாவின் குகை

மழை நாளில் மூன்று சக்கர வண்டியை எங்கள் ஊர் இறக்கத்தில் விடும்போது இரண்டாம் கியரைத் தாண்டக் கூடாது. கல் பாவிய சந்து சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். பதினொரு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு பயணிக்கு முழங்கைகூடச் சிராய்த்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் கவனமான ஆள்.

அதற்கு முன்னால் கல்குவாரியில் இருந்தேன், என் அப்பாவைப் போல. குவாரியை மூடினார்கள், சுற்றுலாக்காரர்களை ஏற்ற இந்த வண்டியை வாங்கினேன். தெக்லா வழிகாட்டியாகச் சேர்ந்தாள். அவளுக்கு மூன்று பாஷை தெரியும். நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பேசுவாள். மேலே தேவாலய முற்றத்தில் ஆரம்பித்து, கீழே பாறையைக் குடைந்த பழைய வீடுகளில் முடிப்போம். அங்கே வந்ததும் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். ஒரு கட்டில், கழுதைக்கு ஒரு தீனித் தொட்டி, கரி பிடித்த சுவர். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் நுன்சியோ மாமா ஞாபகம் வந்தது. அப்பாவோடு கல் வெட்டியவர். சொந்தமில்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். எண்பத்திரண்டு வயது. அந்தக் குகைகளில் ஒன்றில்தான் பிறந்தார். ஈரத்தில் குழந்தைகள் செத்துக்கொண்டே இருந்ததால், அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அரசாங்கம் எல்லாரையும் லாரியில் ஏற்றி மேலே அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனது. அதற்குள் அவருடைய தங்கைகள் இருவர் போய்விட்டார்கள். இப்போது மூன்றாம் மாடியில் டிவியோடு தனியாக இருந்தார். மகள் வடக்கே தூரின் நகரத்தில்.

"மாமா, சும்மாதானே இருக்கீங்க. கீழ வந்து உக்காந்து பழைய கதையச் சொல்லுங்க."

"அந்தப் பொந்துக்கா? காலி பண்ணின அன்னிக்கு எங்கம்மா வாசல்ல காறித் துப்பிட்டு வந்தா, தெரியுமா?"

"அதையே சொல்லுங்க. வெளியூர்க்காரனுங்க வாயப் பொளந்து கேப்பானுங்க."

"என்னையும் கழுதையோட சேத்துக் கட்டி வெச்சிருவ போலிருக்கே."

சிரித்தார். வந்தார்.

குகையில் இன்னும் வாழும் கடைசி மனிதர் என்று சொல்லும்படி தெக்லாவிடம் சொன்னேன். "சாயங்காலம் லிஃப்டுல ஏறி வீட்டுக்குப் போற கடைசி மனிதர்" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் சொன்னாள். ஆட்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிலர் அழுதார்கள். தாடியை மழிக்க வேண்டாம் என்றேன், மழிக்கவில்லை. கரண்டு கணப்பு கேட்டார். ஆட்கள் எடுக்கும் படத்தில் வயர் தெரியும் என்பதால் வைக்கவில்லை. பதிலாக ஒரு சால்வை கொடுத்தேன். நல்ல கம்பளி.

அக்டோபர் கடைசியில் இருமல் வந்தது. டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, ஈரமான இடத்தில் ஒரு மணி நேரம்கூட உட்காரக் கூடாது, வியாழக்கிழமை கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். மாமாவுக்குக் காது மந்தம்.

"என்னடா சொன்னா அந்தப் பொண்ணு?"

"சளியாம் மாமா. சூடா சூப்பு குடிக்கச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்டா சவீனோ."

என் தோளைத் தட்டினார். அன்று சாயங்காலம் மகளிடம் போனில், "சளிதான்மா, சவீனோ பாத்துக்கறான்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நவம்பர் முதல் வாரம், எல்லாருக்கும் விடுமுறை. வண்டி ஒரு நடைகூடக் காலியாக ஓடவில்லை. எல்லாரும் அவரைத்தான் கேட்டு வந்தார்கள். கட்டிலில் ஊசி குத்திக்கொண்டு கிடப்பதைவிட, தன் பேச்சைக் கேட்க ஆள் இருக்கும் இடத்தில் ஒரு மனிதன் இருப்பது மேல் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வியாழன் போனது. தெக்லா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"அவரு மூச்சு வாசல் வரைக்கும் கேக்குது. உனக்குக் கேக்கலையா?"

"வயசானவங்க மூச்சு அப்படித்தான்."

"அவரு மகளுக்காவது தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"பொய் சொல்றப்போ உன் மூஞ்சி எவ்வளவு சாதுவா இருக்கு! இனிமே நீயே ஓட்டு, நீயே பேசு."

இறங்கி நடந்தே மேலே போனாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. வண்டியில் மாமா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு என்னை வீட்டுலயே விட்டுடுடா. என் தங்கச்சிங்களும் இப்படித்தான் இருமுனாங்க."

"மூணே வண்டி ஆளுங்கதான் மாமா. அப்புறம் நானே கொண்டாந்து விடறேன்."

சரி என்றார். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவரால் நடக்க முடியவில்லை, அதனால் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

முதல் வண்டிக்கு அம்மா துப்பிய கதையைச் சொன்னார், விட்டுவிட்டு. இரண்டாவது வண்டியில் டச்சுக்காரர்கள் ஆறு பேர். அவருக்குப் பேச்சு வரவில்லை. மரம் அறுப்பது போல மூச்சுதான் வந்தது. என்னைப் பார்த்து "மேல, மேல" என்றார். உயரமான ஒரு பெண்மணி என்ன சொல்கிறார் என்று கேட்டாள். பழசை நினைத்துக்கொள்கிறார் என்றேன். அவள் மெதுவாகக் கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள்.

மூன்றாவது வண்டி பதினொன்றரைக்கு. நான் முன்னால் உள்ளே போனேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. தாடையை மேலே தள்ளி, சால்வையை அண்டை கொடுத்தேன். தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்டேன். வாசலுக்கு வந்து, தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள் என்றேன். நல்ல மனிதர்கள். நுனிக்காலில் நடந்து படம் எடுத்தார்கள். ஒரு தகப்பன் குழந்தையைத் தூக்கிக் காட்டினான்.

நான்கு மணிக்குத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். ஏன் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். நீங்கள் வடக்கத்தி ஆள் ஐயா, உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் இறந்தவரைத் தனியாக விடுவதில்லை. அடக்கம் ஆகிற வரைக்கும் யாராவது கூட இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் மேலும் இரண்டு வண்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.