ஹெங் கட்டாத கூடு

முதலில் அந்த வாளியை மின்விசிறிக்கு நேர்கீழே இருந்து நகர்த்தி வையுங்கள், சார். சண்டை மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கிற பிராணி. தண்ணீரின் மேற்பரப்பு ஆடிக்கொண்டே இருந்தால் அதற்குப் பிடிக்காது. என் பக்கம் வைத்தாலும் சரிதான். உங்கள் ஏட்டு நான் வந்ததிலிருந்து அதன் மேலே பேனாவை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது விளையாட்டு. மீனுக்கு அது சண்டை.

நன்றி. வாளியில் 'சான்றுப் பொருள்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். அதன் பெயர் ஹெங். எழுதுவதென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வக்கீல் வேண்டாம். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்களும் இந்த நகோன் பதோம் ஊர்க்காரர்தான் என்பது நீங்கள் வாளியைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. சின்ன வயதில் வரிசையாக ஜாடி வைத்திருந்திருப்பீர்கள். ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே அட்டை. அட்டையை எடுத்தால் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு தின்னாமல் தூங்காமல் நிற்கும். திரும்ப வைத்தால் அடங்கிவிடும். நான் செய்ததெல்லாம் இதற்குள் அடங்கும் விஷயம்தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

நான் ஐஸ் ஆலையில் இரவு வேலை பார்த்தவன். முதுகு போனதும் நின்றுவிட்டேன். அதன் பிறகு வீடும் ஜாடிகளும்தான். பக்கத்து வீடு லம்யாயுடையது. அவள் வீட்டுக்காரர் லாட்டரிச் சீட்டு விற்கிற ஒருத்தியோடு போனபோது டிவியை எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிட்டுப் போனார். "பங்கு பிரிச்சதுல நல்லது எனக்குத்தான் வந்துச்சு, அண்ணே. இது குறட்டை விடாது" என்பாள். அப்படிப் பேசுகிறவள். அவள் பேசினால் நமக்கு அன்றைக்குப் பசிக்கும்.

ரயோங்கில் இருக்கும் அவள் மகள் தாரிகா ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை அனுப்பி வைத்தாள். ஜாடியில் மீன் வளர்ப்பது பாவமாம். தாரிகா படித்த பெண். மோட்டார், விளக்கு, பின்பக்கம் ஒட்டப் பளபளப்பான கறுப்புத் தாள், எல்லாம் சேர்த்தே வந்தது. லம்யாய் ஹெங்கை அதில் விட்ட மறுநாள் என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, செத்த வாங்களேன். ஹெங் சாமியாராயிட்டான். சாப்பாடு கெடையாது, பேச்சு கெடையாது, மூலையில படுத்துக் கெடக்கான். திடீர்னு எந்திரிச்சுச் செவுத்துல போய் முட்டறான்."

"மாளிகைக்குக் குடி போனா அப்படித்தான். நமக்கும் அப்படித்தான் இருக்கும்."

"நம்மள எவன் மாளிகைக்குக் கூப்பிடறான்? வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தது. உடம்பில் வெளிறிய கோடுகள். புழுவைப் போட்டால் வாயில் வாங்கித் துப்பியது. இதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுமே அங்கே இருந்தன. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தாள். மோட்டார் ஆற்று வெள்ளம்போல் தள்ளியது. கறுப்புத் தாளில் அதன் உருவம் அதற்கே தெரிந்தது, எதிரி என்று நினைத்து முட்டியது. மோட்டாரை நிறுத்தினேன். பழைய ஜாடித் தண்ணீரைக் கலந்தேன். தாளைக் கிழித்துவிட்டுச் சாதாரண அட்டையை வைத்தேன். வாதுமை மரத்துச் சருகு இரண்டைப் போட்டேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்ததும் ஹெங் துடுப்பை விரித்து, கொசுப்புழு தின்றது.

இதுவரை நான் செய்தது நல்ல காரியம். அதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில் லம்யாய் தேங்காய்ப்பாலில் பூசணிக்காய் வேகவைத்துக் கொண்டுவருவாள்.

"நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கலாம், அண்ணே."

"படிச்சிருந்தா பூசணிக்காய் கெடைச்சிருக்குமா?"

"பீஸ் குடுக்க வேண்டியிருக்கும். அதுக்கு இது தேவலை."

மீன் தேறியது. பூசணிக்காய் நின்றது. அவள் மேல் தவறில்லை. உடம்பு சரியான பிறகு யார் டாக்டர் வீட்டுக்குப் போகிறார்கள்? வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். போனில் தாரிகாவோடு சிரிப்பாள். தாரிகா வயிற்றில் பிள்ளை. அம்மா ரயோங்குக்கே வந்துவிட வேண்டும், வீட்டைப் பூட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு.

மீனையும் கொண்டுபோவதென்று லம்யாய் பிடிவாதமாக இருந்தாள். எப்போது கொண்டுபோகலாம் என்று என்னைத்தான் கேட்டாள். எங்கள் கால்வாய்க் கரையில் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். மீன் தண்ணீரின் மேலே நுரைக்கூடு கட்ட வேண்டும். கட்டினால் திடமாக இருக்கிறது, எங்கு வேண்டுமானாலும் போகலாம். கட்டாத மீனை வண்டியில் ஏற்றினால் பாதி வழியில் மிதக்கும். உங்கள் வீட்டிலும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்? பொய் இல்லை.

"அப்ப கூடு கட்டின மறுநாளே பஸ் ஏறிடறேன்" என்றாள்.

தாரிகா போனில் கத்தியது வேலி தாண்டிக் கேட்டது. "அம்மா, எனக்குப் புள்ள பொறக்கப் போவுது. நீ மீனு கூடு கட்டுதான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கே!"

"நீ பொறக்கறப்ப நான் உங்கப்பன் வருவானான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்டி. இது எவ்வளவோ மேல்."

ஹெங் சீக்கிரமே கூடு கட்டியது. நல்ல கூடு, உள்ளங்கை அகலம். அதை முதலில் பார்த்தவன் நான். லம்யாய் காலையில் சந்தைக்குப் போகும்போது மீனைப் பார்த்துக்கொள்ளச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். கூட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஒரு விரலால் கலைத்தேன். நுரை, சார். விரலைத் துடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

மறுபடி கட்டியது. மறுபடி கலைத்தேன். அது கட்டுவதும் நான் கலைப்பதும் ஒரு பழக்கமாகிவிட்டது. எங்கள் இருவரில் யாருக்கு அதிகப் பொறுமை என்று பார்த்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் பொறுமை எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. நான் முகம் மழிக்கிற சின்னக் கண்ணாடியை அட்டைக்குப் பதிலாகத் தொட்டியின் பின்னால் செருகி வைத்தேன். ஹெங் காலை முழுக்கத் தன்னோடு தானே சண்டை போட்டுக் களைத்துவிடும். லம்யாய் வருவதற்குள் கண்ணாடியை எடுத்துவிடுவேன்.

"அண்ணே, திரும்பவும் சாமியாராயிட்டான்."

பூசணிக்காய் வந்தது. நூடுல்ஸ் கடை பன்சோங் அக்கா தெருவிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்ன வைத்தியமோ போ, தவீ! மீனு எளைச்சுக்கிட்டே போவுது, டாக்டரு பெருத்துக்கிட்டே போறாரு!" தெருவே சிரித்தது. லம்யாயும் சிரித்தாள். நானும்தான். அந்த அக்கா நீங்கள் செய்யும் வேலைக்கு வந்திருக்க வேண்டியவள்.

தாரிகாவுக்கு நாள் நெருங்கியபோது லம்யாய் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள்.

"ஹெங்க உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன், அண்ணே. உங்கள விட யாரு நல்லாப் பாத்துக்கப் போறா? எனக்கு எம்பொண்ணு மொகத்தப் பாக்கணும்."

என்னை நம்பினாள். அதுதான் சிக்கல். நம்பாமல் இருந்திருந்தால் மீனோடு காத்திருந்திருப்பாள்.

அன்று சாயங்காலம் செவ்வந்திப்பூத் தண்ணீர் போட்டு பிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குச் சர்க்கரை தூக்கலாக இருந்தால் பிடிக்கும். இரவு வேலையில் கெட்டுப்போன தூக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த மாத்திரை வீட்டில் நிறைய இருந்தது. அதைப் பொடித்துப் போட்டேன். நஞ்சு என்று தாரிகா சொல்கிறாள். மீன் தொட்டியில் வாதுமைச் சருகு போடுவதை யாராவது நஞ்சு என்பார்களா? அடங்குவதற்காகப் போடுவது.

மறுநாள் அவளுக்குத் தலை சுற்றியது. பயணத்தைத் தள்ளிப்போட்டாள். அதற்கடுத்த நாளும் பிளாஸ்க் கொண்டுபோனேன், அவளே கேட்டாள். "உங்க கைத் தண்ணி குடிச்சா நல்லாத் தூக்கம் வருது, அண்ணே" என்றாள். குழறிப் பேசினாலும் நகைச்சுவை போகவில்லை: "இப்ப நானும் சாமியாராயிட்டேன் போல. எனக்கும் ரெண்டு சருகு போடுங்க." இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்திருப்பேன்.

தாரிகாவுக்குப் பெண் பிள்ளை பிறந்த அன்று லம்யாய் தூங்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. தூக்கம் கெடக்கூடாது என்று, சேதியை மட்டும் கேட்டுக்கொண்டு, நான்தான் அதை அரிசிப் பானைக்குள் வைத்தேன். எழுந்ததும் சொன்னேன். யாருக்குப் பெண் பிள்ளை என்று கேட்டாள்.

பிறகு குளியலறைப் படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு. கிளினிக் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, வயது, மயக்கம், பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுக்க வேண்டும் என்றார். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அசைக்கிற நிலையில் அவள் இல்லை. அதை டாக்டரை விட எனக்கு நன்றாகத் தெரியும். முனகினால் பிளாஸ்க் கொடுத்தேன். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று தெருப்பக்க ஜன்னலுக்கு அட்டை வைத்தேன். பன்சோங் அக்கா எட்டிப் பார்த்துக் கிண்டல் பண்ணுவதும் அதோடு நின்றது. கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். வெறும் வயிற்றில் இருந்ததாகத் தாரிகா சொல்வது பொய். வாயில் வாங்கித் துப்பினாள், அவ்வளவுதான். அது என்ன அறிகுறி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான நாட்கள் இருந்ததில்லை. கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

தாரிகா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். ஒரு கையில் குழந்தை. அம்மாவைப் பார்த்தாள், ஜன்னல் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்தாள். அம்மாவின் மீன் என்று ஹெங்கையும் குழாயடியில் கிடந்த வாளியில் கவிழ்த்துக்கொண்டு போனாள். சருகு இல்லை, பழைய தண்ணீர் இல்லை. எத்தனையோ சொல்லிப் பார்த்தேன்.

"தாரிகா, அது செத்துப்போயிடும்மா. கூடே கட்டல."

"செத்தா சாவட்டும், மாமா. வழிய விடுங்க."

அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வராந்தாவில், பெஞ்சுக்கு அடியில், எல்லாரும் காலால் இடித்துக்கொண்டு போன அந்த வாளியில் ஹெங் கூடு கட்டியிருந்தது. வாளியின் உள்விளிம்பைச் சுற்றி வளையமாக, ஒரு குமிழி விடாமல். தாரிகா படித்தவள்தான், ஆனால் கால்வாய்க் கரையில் பிறந்தவள். டாக்டர் என்று பேர் வாங்கிய என் கையில் மாதக்கணக்கில் கட்டாத கூட்டை அது ஒரே ராத்திரியில் ஏன் கட்டியது என்று யோசித்தாள். அன்றைக்கே லம்யாய் மயக்கம் தெளிந்து, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று கேட்டிருக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவள் நேரே வீட்டுக்குத் திரும்பி வந்தாள். தொட்டியின் பின்னால் கண்ணாடி இருந்தது. அடுப்படியில் பிளாஸ்க் இருந்தது. கழுவி வைத்திருக்கலாம். தோன்றவில்லை. லம்யாய் திரும்பி வருவாள், தாகமாக இருக்கும் என்றுதான் அன்று காலையும் போட்டு வைத்திருந்தேன்.

ஆக, ஆமாம். கூட்டைக் கலைத்தது நான், கண்ணாடி வைத்தது நான், மாத்திரை போட்டது நான், போனையும் டாக்டர் சீட்டையும் மறைத்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு விஷயத்தில்தான் தாரிகா தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். பயத்திலும் மீன் கூடு கட்டும், சார். புது இடம், புது முகங்கள், என்ன செய்வதென்று தெரியாமல் எதையாவது செய்யும். எழுந்து உட்காரும், பசிக்கிறது என்று சொல்லும், குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்குத் தேறிவிட்டது போலத் தெரியும். பழகினவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

என்ன, சார்? கையா? மன்னியுங்கள். பேச்சு சுவாரசியத்தில் வாளிக்குள் விரல் போய்விட்டது. ஏட்டு எதற்கு இப்படிப் பதறுகிறார், வெறும் நுரைதானே.

இதோ, நீங்களே எட்டிப் பாருங்கள். ஒரு குமிழிகூட இல்லை. இந்த நிலையில் ரயோங் வரைக்கும் அவளைக் கூட்டிப் போகக் கூடாது என்று தாரிகாவிடம் சொல்லிவிடுங்கள்.