ஒரே வங்கிக் கணக்கில் மூன்று மருத்துவர்கள்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர் சங்கத் தலைவர் அவர்களே! காப்பீட்டு அலுவலக அதிகாரி அவர்களே! டாக்டரம்மாவின் கணவர் ஐயா அவர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் கால்மாற்றி நிற்கும் எங்கள் நோயாளிகளே! அழாமல் பேசவேண்டும் என்று நினைத்து வந்தேன். பார்ப்போம்.

யாரை இழந்திருக்கிறோம்? ஊரே ‘கையெழுத்து டாக்டர்’ என்று அழைத்த எங்கள் தலைமை மருத்துவரை இழந்திருக்கிறோம்! வைத்தியம் முடிந்ததும் அவர் காசு கேட்டதுண்டா? “ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்பார், அவ்வளவுதான். அந்தக் கையெழுத்து இருந்தால், நோயாளிக்குச் சேரவேண்டிய காப்பீட்டுத் தொகையை அரசு நேரே மருத்துவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடும். நோயாளி கையிலிருந்து கட்டிவிட்டு, அலைந்து திரிந்து திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. அந்த வழியை அம்மா எங்கள் வாசல்படி ஏற விடவில்லை.

ஒருமுறை நான் வாதாடினேன். “எல்லா இடத்துலயும் கல்லாப்பெட்டி இருக்கும்மா, நமக்கு மட்டும் என்ன?”

காலில் சர்க்கரைப் புண்ணோடு உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநரை அம்மா கண்ணால் காட்டினார். “கல்லாப்பெட்டியப் பார்த்து வியாதி வெளிய நிக்காது தம்பி. இவர்தான் நிப்பார்.” அந்த ஓட்டுநர் இதோ, இரண்டு காலோடு நிற்கிறார்!

நாங்கள் மூன்று மருத்துவர்கள். மூவருக்கும் வரும் தொகையை அம்மாவின் ஒரே கணக்கில் விழும்படி எழுதிக் கொடுத்திருந்தோம். “உன் கணக்கு, என் கணக்குன்னு பிரிச்சா நோயாளியையும் பிரிச்சிடுவோம்” என்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் மரணம் என்று ஒன்று இருப்பதை மூன்று மருத்துவர்களும் மறந்துபோனோமே, இந்த வேடிக்கையை எங்கே சொல்ல!

அம்மா கண்மூடிய செய்தி போனதும் வங்கி அந்தக் கணக்கை முடக்கியது. நாங்கள் பார்க்கும் வைத்தியத்துக்கெல்லாம் பணம் வருகிறது, உள்ளே போகிறது, வெளியே வராது. கணக்கை மாற்றக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

“கணக்குக்காரங்க நேர்ல வந்தா அஞ்சு நிமிஷ வேலை சார்.”

“அவங்க இறந்துட்டாங்க.”

“அப்ப ஒரு ஒப்புதல் கடிதமாவது வாங்கிட்டு வாங்களேன்.”

அதிகாரி அவர்களே, கோபிக்காதீர்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது உங்களுக்கும் தெரிந்ததே. அம்மாவின் கணவர் ஐயாவைக் கேட்டால், வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்கிறார். அவரும் என்ன செய்வார்? அதுவரை யார் சம்பளம் கொடுப்பது? காசு வாங்கினால் அம்மாவுக்குத் துரோகம். வாங்காவிட்டால் மருத்துவமனைக்குப் பூட்டு. இருதலைக் கொள்ளி எறும்பாக நிற்கிறேன். ராத்தூக்கமில்லை.

மேடை ஏறும்போது நர்ஸக்கா காதருகே கேட்டார். “நாளையிலேர்ந்து பணம் கட்டணும்னு அட்டை எழுதிட்டேன் டாக்டர். கூட்டம் முடிஞ்சதும் மாட்டிடவா?” சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். இங்கே நின்று உங்கள் முகங்களைப் பார்த்தபின் அந்தத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அக்கா, அட்டை வேண்டாம். நாளை காலை வழக்கம்போல் திறப்போம். மதியத்துக்கு மேல் அதிகாரியின் அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். கணக்கு மாறும்வரை தினமும் உட்காருவேன். எப்படிச் சமாளிப்பாய் என்று யாரும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

அம்மா! உங்களைப்போல் சிரித்துக்கொண்டே செய்ய எனக்கு வராது. பயந்துகொண்டே செய்கிறேன்.