லோரிக்கு மொளைச்ச தாடி

— நம்புனா நம்புங்க மச்சான், வாராவாரம் நான் என் ரப்பர் பால் லோரிக்குச் சவரம் பண்றேன்லா! ஒரு ஞாயித்துக்கெழமை தவறுச்சுன்னா தாடி ரோட்டுல இழுபடும். போன மாசம் அதுல கால் தடுக்கி ஒரு எருமை விழுந்துச்சு.

— மாப்புள, தைப்பிங்லேருந்து ரெண்டு பஸ் மாறி, மழையில ஊறி வந்திருக்கேன். என் தங்கச்சி பெட்டி கட்டி வாசல்ல வெச்சிருக்கு. நீ என்னடான்னா லோரிக்குத் தாடிங்கிற.

— கேட்டுக்குங்கண்ணே. வாயத் தொறந்தா பொய். இந்த மனுசனோட எப்படிக் குடும்பம் நடத்துறது?

— ராக்காயி, நீ மொதல்லேருந்து சொல்லு.

— சாமி படத்தைத் தொடைக்க எடுத்தேண்ணே. பின்னால ஒரு தைலப் போத்தல். தொறந்தா கறுப்பு மை! வழவழன்னு, மினுமினுன்னு. ஆளை மயக்குற வசிய மைதானே? எந்த போமோ மந்திரவாதிகிட்ட வாங்குனாரோ! ஆயாக்கொட்டகையில புள்ள பாக்குறாளே நல்லம்மா, அவ சிரிக்கிற சிரிப்பு இந்த லயத்து வீடு வரைக்கும் கேக்குது. அவ வாசல்ல லோரி நிக்காத நாளு உண்டான்னு கேளுங்க.

— அடக் கடவுளே! நான் அங்க பால்மாவு டின்னு எறக்குறேன்லா. தோட்டத்துத் தொரை சொன்ன வேலை மச்சான்.

— அதெல்லாம் சரி மாப்புள. மை எதுக்கு?

— மை இல்ல மச்சான், அதான் தாடி! கேளுங்க. என் லோரி இஞ்சின் கெழடு. உள்ள இரும்பும் இரும்பும் ஒரசி, பொடிப்பொடியா உதிர்ந்து மினியாக் ஹித்தாம்ல, அதான் இஞ்சின் எண்ணெயில, கலந்துருது. அந்த எண்ணெய் சுத்தச் சுத்த, பொடியும் மணல் மாதிரி கூடவே சுத்தி இஞ்சினைத் தின்னும். எண்ணெய் வடிக்கிற நட்டு ஒண்ணு அடியில இருக்குல்ல? அதோட முனையில ஒரு காந்தத் துண்டைப் பதிச்சுட்டேன். பொடியெல்லாம் அதுல போய் ஒட்டி, முடிமுடியா, ஆட்டுத் தாடி கணக்கா நிக்குது. ஞாயித்துக்கெழமை நட்டைக் கழட்டி வழிச்சு எடுக்குறேன்.

— காந்தம் ஏது உனக்கு?

— கோயில் ரேடியோக் கொழாய் போன திருவிழாவுல எரிஞ்சு போச்சே, அதோட வயித்துல இருந்தது. அம்மன் பாட்டு கேட்டுக் கேட்டு ஊறுன காந்தம் மச்சான்! ஈப்போவுல தூக்கிக் காட்டுனா பத்துகாஜா டவுன்ல ஆணி கழண்டுக்கும்.

— பொய்!

— நீ இரு ராக்காயி. ஏன் மாப்புள, வழிச்சதைத் தூக்கி வீச வேண்டியதுதானே? போத்தல்ல அடைச்சு எவனாவது சாமி படத்துக்குப் பின்னால வெப்பானா?

— வேற எங்க வெக்கிறது? புள்ளைங்க கை படாத எடம் அது ஒண்ணுதான். வொர்க்‌ஷாப்புல மெக்கானிக் ஐயாவு, ‘இஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல, ஓட்டு ஓட்டு’ன்னு வெரட்டுறான். போத்தல் நெறைஞ்சதும் தொரை மேசையில கொண்டுபோய் வெச்சு, ‘இந்தாங்க தொரை, உங்க லோரியில பாதி இங்க இருக்கு’ன்னு சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள இவ வெள்ளிக்கெழமையிலேருந்து ஒரு மாதிரியா இருக்கா. கோப்பியக் கையில குடுத்துட்டு எதுக்கவே நின்னு மொறைக்கிறா. பயத்துல நான் தலையே தூக்கல.

— சரி, பேச்சு வேணாம். போத்தலைக் கொண்டா, காந்தத்தைக் காட்டு. அந்தக் கறுப்பு இழுபட்டா நான் நம்புறேன். இல்லேன்னா தங்கச்சிய பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவேன்.

— இந்தா மச்சான், இப்பவே... ஏய்! என்ன இது? காலி! கழுத்து வரைக்கும் இருந்துச்சு!

— ஆஹா! அம்புட்டும் ஆயாக்கொட்டகைக்குப் போயிருச்சா?

— ஐயையோ, இல்ல மச்சான்! ராக்காயி, யாரு எடுத்தா?

— எனக்கென்ன தெரியும்? எலி தின்னுருக்கும்.

— எலி இரும்பு தின்னுமாலா?

— உங்க லோரிக்குத் தாடி மொளைக்கலாம், எலி மட்டும் இரும்பு தின்னக் கூடாதா?

— எனக்குத் தலை சுத்துது. நீ தாடிங்கிற, இவ மைங்கிறா, போத்தல்ல ரெண்டையும் காணோம். காந்தமாவது நெசமா இருக்கா?

— நட்டுல பதிச்சது போக மீதித் துண்டு சட்டைப் பையிலயே இருக்கு மச்சான். ராக்காயி பெட்டி தகரந்தானே? இந்தா, பக்கத்துல கொண்டு போறேன்... டப்! பாத்தீங்களா?

— பெட்டியில ஒட்டுனா என்ன இப்ப? பெட்டிக்கும் தாடி இருக்குங்கிறியா?

— அண்ணே, ஹாரன் கேக்குது. பஸ் பால் கொட்டகைத் திருப்பத்துக்கு வந்துருச்சு. அந்தக் கருமத்தை என் பெட்டியிலேருந்து எடுக்கச் சொல்லுங்க.

— எடுக்க மாட்டேன்லா. ராக்காயி, நான் எருமை கதை சொல்லுவேன், ஆணி கதை சொல்லுவேன். இது கதை இல்ல. போகாத.

— நீங்க எடுக்கலேன்னா எனக்குப் பிடுங்கத் தெரியாதா? ச்சே, என்னமா கவ்வியிருக்கு! அண்ணே, ஒரு கை குடுங்க.

— குடுக்குறேன், நீ தலையை நகத்து. இப்படி அது மேலயே குனிஞ்சா நான் எங்க கைய வெக்கிறது... ஏய்! மாப்புள! இங்க வா, அது என்ன? அவ நெத்தியில!

— அசையாத ராக்காயி! குங்குமத்துக்குக் கீழ கறுப்பா ஒரு பொட்டு... மச்சான், பொட்டு எந்திரிச்சு நிக்குதுலா! முள்ளு முள்ளா!

— காந்தத்தைப் பாத்து வளையுது மாப்புள! நெத்தியில தாடி!

— அப்ப அந்த எலி...

— ராக்காயி, அண்ணன் மூஞ்சியப் பாரு. என்னம்மா இது?

— மொதல்ல அவரை அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்க.

— திரும்பிட்டேன். காதையும் பொத்திக்கிட்டேன். சொல்லு.

— எல்லாம் நெசந்தாண்ணே. லோரிக்குத் தாடி மொளைச்சிருக்கு. வசிய மைன்னு நெனச்சு, நல்லாப் புடிக்கட்டும்னு அந்தத் தாடியத்தான் வெள்ளிக்கெழமையிலேருந்து அள்ளி அள்ளிப் பூசிக்கிட்டு, கோப்பியோட இவரு முன்னால போய் நின்னேன். மனுசன் ஒரு தடவ நிமிந்து பாக்கல. அதான் பெட்டியக் கட்டிட்டேன்.