கருப்புக் கட்டத்துக்குள் ஒரு முகம்

அவைக்குத் தலைமை தாங்கி, அதோ அந்த நீண்ட மேசைக்குப் பின்னால் அமைதியே உருவாய் அமர்ந்திருக்கும் என் ஆருயிர் நண்பர், விரிவுரையாளர் சவரிராயன் அவர்களே! அருள்பணி ஆற்றும் ஆன்றோர்களே! மகன் தலைமை தாங்கும் அழகைக் காண ஜீயபுரத்திலிருந்து வந்து முதல் வரிசையில் வீற்றிருக்கும் அமிர்தம்மாள் அவர்களே! அவர்களைச் சூழ்ந்திருக்கும் அன்னையரே! வாசற்படி வரை வழியும் மாணவச் செல்வங்களே! உங்கள் பிலோமின்ராஜ் கைகூப்பி நிற்கிறேன்.

'அச்சும் ஊழியமும்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். நம் கிறிஸ்தவ மாணவர் மன்றம் அடுத்த மாதக் கூட்டங்களுக்குப் பத்தாயிரம் நோட்டீஸ் அடிக்கப் போகிறதாம். அடியுங்கள்! உறையூர்ச் சுவரெல்லாம் ஒட்டுங்கள், ஸ்ரீரங்கம் பஸ்ஸெல்லாம் கொடுங்கள்! ஆனால் அதற்கு முன், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில், நான் அடித்த ஒரு நோட்டீஸின் கதையைக் கேட்டுவிடுங்கள்.

அன்று மன்றத்தின் விளம்பரச் செயலாளர் நான். சாமானியச் செயலாளரா? பசை வாளியும் நானே, ஏணியும் நானே! சிரியுங்கள், சிரியுங்கள், பின்னால் சிரிக்க முடியாது. அந்த வாரக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? பன்னிரண்டு பேர். அதில் நால்வர் மழைக்கு ஒதுங்கியவர்கள்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த சனிக்கிழமை சவரிராயன் பேச வேண்டும். தலைப்பு, 'நாளை நீ எங்கே?' அவனுடைய போட்டோவை அச்சுப் பிளாக் செய்து எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

அங்கே எழுத்துக் கோக்கும் மேசைமேல், விரற்கடை அகலக் கரையோடு, கன்னங்கரேலென்று ஒரு கட்டம் கோத்து வைத்திருந்தார்கள். "பாய், இதுக்குள்ள படத்தை வச்சு அடிங்க!" என்றேன். அச்சுக்கோப்பவர் மீரான் பாய் கையை உதறினார்.

"தம்பி, இது எழவுப் பத்திரிகைக்குப் போடுறதுங்க. ஹயாத்தோட, உசுரோட இருக்கிற புள்ளைக்கு என் கையால போட மாட்டேன்."

"பாய், எங்களுக்குச் சகுனமெல்லாம் கிடையாது. பாக்கிறவன் கண்ணைப் பறிக்கணும், அவ்வளவுதான்!"

எவ்வளவு திமிர் பார்த்தீர்களா? அவர் மறுக்க மறுக்க, முதலாளியிடம் சொல்லி அடிக்க வைத்தேன்.

பறித்தது ஐயா, கண்ணைப் பறித்தது! நின்றவர் நின்றபடி பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சவரிராயன் என் அறைக்கு வந்தான். "டேய், மெஸ்ஸுல சோறு போடுறவரு என் மூஞ்சியப் பாக்காமலே போறாருடா. சவரம் பண்றவரு கடைய மூடிட்டாரு. காலையில கதவத் தொறந்தா வாசல்ல ஒரு மாலை கெடக்கு" என்றான். நான் என்ன செய்தேன்? கைதட்டிச் சிரித்தேன். "ஊரே உன்னைப் பத்திப் பேசுதுடா!" என்றேன்.

சனிக்கிழமை மாலை. மழை. கரண்டு போய்விட்டது. கூடத்தில் நானூறு பேர்! ஒருவர்கூட இருமவில்லை. ஒருவர்கூட முதல் இரண்டு வரிசையில் உட்காரவில்லை. சவரிராயனுக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் எரிந்ததால் ஆள் தெரிந்தான், முகம் தெரியவில்லை. "நாளை நீ எங்கே?" என்று அவன் தொடங்கியபோது வாசலில் கூட்டம் தானாக விலகியது.

ஈரப்புடவை. அவிழ்ந்த கூந்தல். கையில் நனைந்த நோட்டீஸ். அழவில்லை, அரற்றவில்லை. அமிர்தம்மாள் நடந்து வந்தார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? ஜீயபுரத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வந்த வண்டிக்காரர் வீரமலைக்கு எழுத்துத் தெரியாது. முகம் தெரியும், கருப்புக் கட்டம் தெரியும். சொல்ல நா எழாமல், நோட்டீஸை அம்மாவின் நிலைப்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. பத்து மைல் மழையில் நடந்தே வந்திருக்கிறார்கள், மகனின் உடலை வாங்கிப் போக!

"அம்மா!" என்று சவரிராயன் மேடையிலிருந்து இறங்கினான். அந்தத் தாய் பின்வாங்கினார்கள்.

"கிட்ட வராத. அங்கேயே நில்லு. வேட்டியத் தூக்கு. கால் தரையில பாவுதான்னு நான் பாக்கணும்."

நானூறு பேர் பார்க்க அவன் வேட்டியைத் தூக்கினான். நான் பெட்ரோமாக்ஸை இறக்கிப் பிடித்தேன். விளக்கு அசைய அசைய அவன் நிழல் சுவரெல்லாம் ஆடியது. அம்மா குனிந்தார்கள். அவன் பாதத்தில் உள்ளங்கையை வைத்தார்கள். "சூடு இருக்கு" என்றார்கள். அப்படியே சரிந்தார்கள்.

யாருக்காக அடித்தேன் அந்த நோட்டீஸை? படித்தவனுக்கு அடித்தேன்; படிக்காதவர் கண்ணில் பட்டது! கூட்டத்துக்கு அடித்தேன், ஒரு குடும்பத்தின் நெஞ்சில் விழுந்தது! நல்ல செய்தி சொல்லக் கிளம்பியவன் நான், ஒரு தாய்க்குச் சாவுச் செய்தி அனுப்பினேன்! தம்பிகளே, அடியுங்கள் பத்தாயிரம். ஆனால் அச்சேறும் முன்பு எழுத்தறியாத ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். "இது என்ன சொல்லுதுங்க?" என்று கேளுங்கள். அவர் முகம் மாறினால் அச்சை நிறுத்துங்கள்!

ஒன்பது ஆண்டுகளாகக் கேட்கத் துணியாத மன்னிப்பை இன்று காலை அம்மாவிடம் கேட்டேன். என்ன சொன்னார்கள் தெரியுமா? "மன்னிச்சாச்சுய்யா. ஆனா அந்தக் கட்டம் போகலய்யா. இவன் சிரிக்கிறப்பல்லாம் மூஞ்சியச் சுத்திக் கருப்பா தெரியுது. அன்னிக்கு என்கூட வந்தது எம்புள்ளதானான்னு இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்."

நான் பேசத் தொடங்கியதிலிருந்து அம்மா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கிறார்கள். மேசை விரிப்பு தரை வரை தொங்குகிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தாய்மார்க்கும், தம்பிமார்க்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம். தலைவர் அவர்களே, அருள்கூர்ந்து எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.